ஒரு நாவலைப் படித்ததால் நற்கருணை வாங்கும் தகுதி போய்விடுமா?

தென் மாவட்டக் கடலோர ஊர் ஒன்றிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை முதலில் தருகிறேன்.

வாசகிக்கு நாற்பதுகளின் நடுப்பகுதியில் வயது. கத்தோலிக்கக் குடும்பம். பல ஆண்டுகளாகத் தம் பங்கு ஆலயத்தில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுத்துவருகிறார். மகன் வெளியூரில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறார். மகள் ஏழாம் வகுப்பு. விடுமுறைக்கு வந்த மகன், தடித்த ஆங்கில நாவல் ஒன்றைக் கட்டில்மேல் விட்டுவிட்டுக் கல்லூரிக்குத் திரும்பியிருக்கிறார். அட்டையில் தலைகீழான சிலுவையைக் கண்ட தாய், பிள்ளை என்னதான் படிக்கிறான் என்று பார்க்கத் திறந்திருக்கிறார். கொள்ளைநோயில் அழிந்த ஒரு மலைநாடு, அங்கே இரவை ஆளும் இரத்தக் காட்டேரிகள், அவற்றைத் தன் நிலவறையில் மறைத்து வளர்க்கும் ஒரு மடம், மகளை இழந்து துறவை உதறிய ஒரு முன்னாள் துறவி என்று கதை விரிகிறது. மூடி வைத்துவிட நினைத்தும் முடியாமல், நான்கே இரவுகளில் பெரும்பகுதியைப் படித்து முடித்திருக்கிறார். காட்டேரிகளின் தலைவன் பலிபீடத்தில் ஏறி நின்று, இறுதி இராவுணவில் இயேசு சொன்ன வார்த்தைகளைக் கேலியாகச் சொல்லிக் கிண்ணத்தை உயர்த்தும் காட்சி வந்ததும் புத்தகத்தைத் தூக்கி எறிந்திருக்கிறார்.

அதற்கடுத்த ஞாயிறு, திருப்பலியில் குருவானவர் கிண்ணத்தை உயர்த்தியபோது அந்தக் காட்சி கண்முன் வந்து நின்றது. அன்று அவர் நற்கருணை (இயேசுவின் உடலாக நம்பி உண்ணும் அப்பம்) வாங்காமல் இருக்கையிலேயே அமர்ந்துவிட்டார். அதன்பின் ஏழு வாரங்களாக வாங்கவில்லை. மூன்று குருக்களிடம் இதே செய்தியைப் பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) செய்திருக்கிறார். முதல் முறை கிடைத்த நிம்மதி இரண்டு நாள் நின்றது. இரண்டாம் முறை ஒரு நாள். மூன்றாம் முறை கோவில் வாசலைத் தாண்டும் முன்பே கலைந்துவிட்டது. இரவில் மிக்கேல் அதிதூதர் செபத்தை ஏழு முறை சொல்கிறார். ஒரு சொல் பிசகினாலும் முதலிலிருந்து தொடங்குகிறார். புத்தகத்தைத் துணிப்பையில் கட்டிப் பரண்மேல் வைத்தவர், நள்ளிரவில் எழுந்து ஸ்டூல் போட்டு ஏறி, அது அங்கேயே இருக்கிறதா என்று பார்க்கிறார். கணவர், “கதைப் புத்தகத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?” என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறார். செபக் குழுத் தோழியோ, புத்தகத்தின் வழியாகத் தீய ஆவி வீட்டுக்குள் வந்துவிட்டது, உடனே அதை எரிக்க வேண்டும் என்கிறார். மகனுக்கு இதுவரை எதுவும் தெரியாது.

வாசகியின் கேள்விகள் மூன்று: நான் செய்தது சாவான பாவமா? புத்தகத்தை எரித்துவிடலாமா? என் மகன் விசுவாசத்தை இழந்துவிட்டானா?

அன்புள்ள சகோதரிக்கு,

நான் உளவியல் ஆலோசகர், குருவானவர் அல்ல. பாவம் எது என்று தீர்ப்புச் சொல்லும் இடம் பாவசங்கீர்த்தனத் தொட்டி. அதில் நான் அமர முடியாது. ஆனால் நீங்கள் உண்மை என்று நம்பிக்கொண்டிருக்கும் சில செய்திகள் உங்கள் திருச்சபையின் போதனையிலேயே இல்லாதவை. அவற்றை எடுத்துக்காட்டுவதும், உங்கள் மனத்துக்குள் நடப்பதை விளக்குவதும் என் வேலைக்கு உட்பட்டவை.

உங்கள் கணவருடைய கருத்திலிருந்து நான் விலகுகிறேன். “வெறும் கதை” என்று தள்ளிவிடும் அளவுக்கு இது சிறிய செய்தி அல்ல. நீங்கள் காயப்பட்டதில் எந்த மூடத்தனமும் இல்லை.

உங்களை உலுக்கியது எது

இரத்தக் காட்டேரிக் கதைகளை நம்பிக்கையற்ற ஒருவர் படித்தால் பயப்படுவார், அருவருப்பு அடைவார், சில வேளை வெறுமனே ரசிப்பார். உங்களைப் போல நற்கருணையை வாழ்வின் நடுவில் வைத்திருப்பவர் படித்தால் வேறொன்று நிகழ்கிறது. இந்த வகைக் கதை அதன் வலிமையை எங்கிருந்து எடுத்துக்கொள்கிறது என்பது அவருக்கு உள்ளுணர்வாகவே தெரிந்துவிடுகிறது. இரத்தமே உயிர், ஆகவே அதை உண்ணலாகாது என்று லேவியர் நூலின் 17ஆம் அதிகாரம் விலக்குகிறது. அந்த விலக்கைக் கேட்டு வளர்ந்த மக்களிடம், தம் சதையை உண்டு தம் இரத்தத்தைக் குடிப்போருக்கு நிலைவாழ்வு உண்டு என்று இயேசு சொல்வதை யோவான் நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தில் படிக்கிறோம். கேட்ட சீடர்களில் பலர் அன்றே அவரைவிட்டு விலகிப் போனார்கள் என்றும் அதே அதிகாரம் சொல்கிறது. காட்டேரி இதன் தலைகீழ் வடிவம். நற்கருணையில் ஒருவர் பிறருக்காகத் தம் உயிரைத் தருகிறார். காட்டேரிக் கதையில் ஒருவன் தான் வாழ்வதற்காகப் பிறர் உயிரை எடுக்கிறான். அதில் கிடைக்கும் சாகாநிலைக்குப் பெயர் வாழ்வு அல்ல, அழுகாமல் நீளும் சாவு.

1897இல் ப்ராம் ஸ்டோக்கர் எழுதிய ‘ட்ராகுலா’ இந்தத் தலைகீழ் உறவை மறைக்கவே இல்லை. மனநலக் காப்பகத்தில் அடைபட்டுப் பூச்சிகளையும் பறவையையும் உயிரோடு விழுங்கும் ரென்ஃபீல்ட் என்ற நோயாளி, இரத்தமே உயிர் என்ற விவிலியச் சொல்லைத்தான் தன் வெறிக்கு ஆதாரமாகக் காட்டுகிறான். அந்த நாவலில் உங்களுக்கு நேரடியாக உதவக்கூடிய ஒரு காட்சியும் இருக்கிறது. மினா என்ற இளம்பெண்ணைக் காட்டேரி வலுக்கட்டாயமாகப் பிடித்து, தன் இரத்தத்தைக் குடிக்கச் செய்கிறது. பிறகு அவளுக்குக் காவலாக இருக்கட்டும் என்று, காட்டேரியை வேட்டையாடும் பேராசிரியரான வான் ஹெல்சிங் நற்கருணை அப்பத்தை அவள் நெற்றியில் வைக்கும்போது, அது அவள் தோலைச் சுட்டு வடுவாக்கிவிடுகிறது. தான் தீட்டுப்பட்டுவிட்டதாக மினா கதறுகிறாள். ஆனால் அவளைச் சுற்றி நிற்கும் ஒருவர்கூட அவளைத் தீட்டுப்பட்டவளாக நடத்துவதில்லை. அவள் எதற்கும் உடன்படவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். கதையின் முடிவில் காட்டேரி அழிந்ததும் அந்த வடுவும் மறைந்துவிடுகிறது. உங்கள் கடிதத்தில் “என் உதடு அசுத்தமாகிவிட்டது” என்ற வரியைப் படித்தபோது எனக்கு மினாவின் நினைவுதான் வந்தது. அச்சத்தால் வந்த ஒரு வடுவைக் குற்றத்தின் அடையாளமாக நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள்.

எனவே அந்தக் கேலிக் காட்சி உங்களைத் தாக்கியதற்குக் காரணம், உங்கள் விசுவாசம் தளர்ந்திருப்பது அல்ல. கிண்ணத்தின் மதிப்பை அறியாதவருக்கு அதைக் கேலி செய்வது உறைக்காது. நீங்கள் புத்தகத்தைத் தூக்கி எறிந்த அந்த நொடியில் உங்களுக்குள் எழுந்தது, புனிதமானதைக் காக்கும் கோபம்.

அந்தக் கோபத்துக்கு நியாயமும் உண்டு என்று நான் நினைக்கிறேன். இத்தகைய நாவல்கள் அனைத்தும் ஆழமானவை அல்ல. துறவிகள் எல்லாரும் கொடியவர்களாகவும், செபம் எல்லாம் ஏமாற்றாகவும் இருந்துவிட்டால் அது வாழ்க்கையைப் பார்த்து எழுதியதாகாது. வாசகரை அதிரவைப்பதற்காகச் சிலுவையையும் கிண்ணத்தையும் வெறும் மேடைப் பொருள்களாகப் பயன்படுத்துவதாகும். அப்படித் தோன்றினால், “இது மோசமாக எழுதப்பட்டிருக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை” என்று சொல்ல ஒரு வாசகியாக உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. அதை விமர்சனமாகச் சொல்லுங்கள். அதற்குப் பாவசங்கீர்த்தனத் தொட்டி தேவையில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது. அதை நீங்கள் அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறீர்கள். மகள் இறந்துகொண்டிருக்கும்போது அந்தத் துறவி முழந்தாளிட்டு இரவு முழுவதும் மன்றாடியும் வானம் மௌனமாகவே இருக்கும் பக்கத்தை மட்டும் இரண்டு முறை படித்ததாகவும், “அது மட்டும் பொய்யில்லை என்று தோன்றியது” என்றும் குறிப்பிடுகிறீர்கள். கேலிக் காட்சியைவிட இந்த வரிதான் உங்களை அதிகமாக அச்சுறுத்தியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். கடவுளின் மௌனத்தைப் பற்றிய ஒரு பக்கம் உண்மையாகத் தோன்றுவது விசுவாசத் துரோகம் ஆகாது. நீங்கள் வகுப்பில் வைத்துக் கற்பிக்கும் திருவிவிலியத்திலேயே 88ஆம் திருப்பாடல் எந்த ஆறுதலும் இல்லாமல் இருளிலேயே முடிகிறது. யோபு தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். சிலுவையில் இயேசு ஏன் என்னைக் கைவிட்டீர் என்று கேட்டதை மாற்கு மறைக்கவில்லை.

இந்த வகை எழுத்தில் உலகப் புகழ்பெற்ற ஆன் ரைஸ் என்ற அமெரிக்க எழுத்தாளரின் வாழ்க்கையும் இங்கே பொருந்தும். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, இளவயதில் நம்பிக்கையை விட்டவர். 1972இல் அவருடைய மகள், ஆறு வயது நிறைவதற்கு முன்பே, இரத்தப் புற்றுநோயால் இறந்தாள். 1976இல் வெளியான அவருடைய முதல் காட்டேரி நாவலில், வளரவே முடியாமல் குழந்தையாகவே உறைந்துவிட்ட ஒரு காட்டேரிச் சிறுமி வருகிறாள். 1998இல் அவர் கத்தோலிக்கத் திருச்சபைக்குத் திரும்பினார். பின்பு இயேசுவின் வாழ்வைப் பற்றியே நாவல்கள் எழுதினார். 2010இல், கிறிஸ்துவை விடவில்லை, ஆனால் நிறுவன சமயத்தைவிட்டு விலகுகிறேன் என்று அறிவித்தார். 2021இல் இறக்கும்வரை அந்தப் போராட்டம் அவருக்கு முடிந்ததாகத் தெரியவில்லை. இருண்ட கதை எழுதுகிறவர்கள் அனைவரும் கடவுளை இகழ்வதற்காக எழுதுகிறவர்கள் என்று முடிவு கட்ட வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். சிலர் இழவு வீட்டில் நின்றுகொண்டு எழுதுகிறார்கள்.

வீட்டுக்குள் தீய ஆவி வந்துவிட்டதா

உங்கள் தோழி அன்பினால்தான் சொல்கிறார். ஆனால் காட்டேரி பற்றிய அச்சத்தைத் தணிப்பதில் திருச்சபையைச் சேர்ந்தவர்களுக்கே பங்கு உண்டு என்பது அவருக்குத் தெரிந்திருக்காது. 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் செர்பியா, மொராவியா பகுதிகளில் இறந்தவர்கள் கல்லறையிலிருந்து எழுந்துவந்து இரத்தம் குடிப்பதாகப் பெரும் பீதி பரவியது; ஊரார் பிணங்களைத் தோண்டி எடுத்துக் கழுமுனையால் குத்தினார்கள், எரித்தார்கள். பிணம் உப்பியிருப்பதும், வாயில் கருஞ்சிவப்பாக நீர் வடிவதும், மேல்தோல் உரிந்து புதுத்தோல் போலத் தெரிவதும் அவர்களுக்குச் சான்றாகத் தோன்றின. இவை அனைத்தும் உடல் சிதையும்போது இயல்பாக நிகழ்பவை. பெனடிக்ட் சபைத் துறவியான தோம் கால்மெ 1746இல் இந்தச் செய்திகளைத் திரட்டி ஆராய்ந்து நூலாக எழுதினார். திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் இவற்றை மனிதக் கற்பனையின் விளைவாகவே கருதினார். கத்தோலிக்க அரசியான மரியா தெரேசா தம் மருத்துவர் கெரார்ட் ஃபான் ஸ்வீட்டனின் அறிக்கையைப் பெற்று, 1755இல் பிணங்களைத் தோண்டும் வழக்கத்துக்கே தடை விதித்தார்.

வீட்டை மந்திரிக்கக் குருவானவரை அழைப்பதில் தவறில்லை; அது ஆசீர். ஆனால் பேயோட்டுதல் என்பது உங்கள் திருச்சபைச் சட்டப்படி ஆயரின் வெளிப்படையான அனுமதி பெற்ற குரு மட்டுமே செய்யக்கூடியது. யாராவது காணிக்கை கேட்டுக்கொண்டு இந்தச் சாக்கில் வீட்டுக்கு வருவதாகச் சொன்னால், கதவைத் திறக்காதீர்கள்.

இது பாவமா

திருச்சபை தடைசெய்த நூலைப் படித்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியல் ஒன்று நூற்றாண்டுகளாக இருந்தது உண்மை. அதற்கிருந்த சட்ட வலிமையைத் திருச்சபையே 1966இல் நீக்கிவிட்டது. இன்று எதைப் படிக்கலாம் என்பது உங்கள் மனச்சான்றின் பொறுப்பில் விடப்பட்டிருக்கிறது. பாட்டியின் காலத்தில் கேட்ட எச்சரிக்கை உங்களுக்குள் இன்னும் சட்டமாகவே ஒலித்துக்கொண்டிருக்கிறது.

சாவான பாவத்துக்குக் கனமான செயல், முழு அறிவு, முழு மனச் சம்மதம் ஆகிய மூன்றும் சேர வேண்டும் என்பதை உங்கள் மாணவர்களுக்கு நீங்களே பலமுறை சொல்லிக்கொடுத்திருப்பீர்கள். பிள்ளையின்மேல் கொண்ட அக்கறையால் ஒரு கதையைத் திறந்தீர்கள். கதை ஈர்த்தது, படித்தீர்கள். கதை ஈர்ப்பதற்காகத்தான் எழுதப்படுகிறது. கேலிக் காட்சி வந்ததும் மறுத்தீர்கள். இதில் சம்மதம் எங்கே இருக்கிறது? நான்காம் நூற்றாண்டில் புனித பசிலியார், கிரேக்கரின் பிறசமய நூல்களைக் கிறிஸ்தவ இளைஞர்கள் எப்படிப் படிக்க வேண்டும் என்று எழுதியபோது, தேனீ எல்லாப் பூவையும் ஒரே மாதிரி நாடுவதில்லை, உட்கார்ந்த பூவையும் முழுதாகத் தூக்கிச் செல்வதில்லை என்றுதான் வழிகாட்டினார். படிக்கவே கூடாது என்று சொல்லவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. எல்லாம் செய்ய உரிமை உண்டு, ஆனால் எல்லாமே பயன் தருவதில்லை என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். உங்களுக்கு இந்த நூல் இப்போது பயன் தரவில்லை. மீதிப் பக்கங்களைப் படிக்கவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. தைரியத்தை நிரூபிப்பதற்காகப் படித்து முடிப்பதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு நூலை வேண்டாம் என்று மூடி வைப்பதும் வாசகரின் உரிமைதான்.

பலிபீடத்தருகே வரும் எண்ணம்

நான் உண்மையில் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். அந்த நாவல் எப்போதோ முடிந்துவிட்டது. இப்போது உங்களைத் துன்புறுத்துவது வேறொரு சுழற்சி.

அழையாமல் வரும் எண்ணங்கள் எல்லாருக்கும் வருகின்றன. குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடியில் நிற்கும் தாய்க்கு ஒரு நொடி கைநழுவ விடுவதுபோல் எண்ணம் வருவதுண்டு. அவள் திடுக்கிட்டுக் குழந்தையை இறுக அணைத்துக்கொள்வாள். யாருக்கு எது மிகவும் புனிதமோ, அதையொட்டியே இந்த எண்ணங்கள் வருகின்றன. ஆகவே பக்தியுள்ளவர்களுக்குக் கோவிலில் வருகின்றன. வந்த எண்ணம் சம்மதம் அல்ல. அதை விரட்ட நாம் செய்யும் முயற்சிதான் அதைத் தங்கவைக்கிறது. 1987இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர், வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சொல்லி, நினைவு வரும்போதெல்லாம் மணியடிக்கச் செய்து சோதித்தார். நினைக்கக்கூடாது என்று முயன்றவர்கள் மணியை அடித்துக்கொண்டே இருந்தார்கள். திருக்கிண்ணம் உயரும் வேளையில் “அது வந்துவிடக் கூடாது” என்று நீங்கள் கண்ணை இறுக மூடுவதும் இதேதான்.

ஏழு முறை செபம், பிசகினால் மறுபடி தொடக்கம், நள்ளிரவில் பரணைப் பார்ப்பது, மூன்று குருக்களிடம் ஒரே பாவசங்கீர்த்தனம் ஆகிய அனைத்தும் பதற்றத்தைக் கொஞ்ச நேரம் தணிக்கின்றன. அதனாலேயே அடுத்த முறை பதற்றம் அதிகமாகிறது. நிம்மதி இரண்டு நாளிலிருந்து கோவில் வாசல்வரை சுருங்கியதை நீங்களே கண்டிருக்கிறீர்கள். பக்தி மரபு இதை மனச்சான்றின் வீண் கலக்கமாக நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் 1522இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் தங்கியிருந்தபோது, ஏற்கெனவே அறிக்கையிட்ட பாவங்களை மீண்டும் மீண்டும் அறிக்கையிட்டு உயிரை மாய்த்துக்கொள்ளத் தோன்றும் அளவுக்குத் தவித்தார். தெளிவாகத் தெரிவதை மட்டும் சொல் என்றார் குரு; இஞ்ஞாசியாருக்கோ எல்லாமே தெளிவான பாவமாகத் தெரிந்தன! பழைய பாவங்களை இனி அறிக்கையிடுவதில்லை என்று முடிவெடுத்த பிறகே அவர் மீண்டார். இன்று மருத்துவம் இதை எண்ணச் சுழற்சி நோயின் (OCD) சமயஞ்சார்ந்த வடிவமாகக் காண்கிறது. உங்களுக்கு அந்த நோய் இருக்கிறது என்று கடிதத்தை மட்டும் வைத்து நான் சொல்லமாட்டேன். ஆனால் அதன் பாதையில் சில அடிகள் வைத்திருக்கிறீர்கள்.

செய்யவேண்டியவற்றைச் சொல்கிறேன். உங்களை அறிந்த ஒரே குருவானவரைத் தேர்ந்தெடுத்து, நாவலைப் பற்றிச் சொல்வதைவிட முக்கியமாக, இதையே மூன்று முறை அறிக்கையிட்டதையும் செபத்தைத் திரும்பத் தொடங்குவதையும் சொல்லுங்கள். அவர் நற்கருணை வாங்கலாம் என்று சொன்னால், மனம் அமைதியான பிறகு வாங்கலாம் என்று காத்திருக்காமல், கலக்கத்தோடேயே வாங்குங்கள். அமைதி பிறகுதான் வரும். மிக்கேல் அதிதூதர் செபத்தை ஒருமுறை மட்டும் சொல்லுங்கள். சொல் பிசகினாலும் அப்படியே முடித்துவிடுங்கள். முதல் சில இரவுகள் மிகவும் கடினமாக இருக்கும்; பதற்றம் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்குவதை ஓரிரு முறை பார்த்துவிட்டால் பிடி கிடைக்கும். காட்சி வரும்போது அதனோடு வாதாடாதீர்கள், அதற்குப் பரிகாரமும் செய்யாதீர்கள். அது இருக்கும்போதே “ஆமென்” சொல்லலாம். பரண்மேல் இருக்கும் பையை இறக்கி, புத்தகத்தை மகனின் மேசை இழுப்பறையில் வைத்து மூடுங்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீட்டில், வன்முறையும் பாலுறவும் நிறைந்த நாவலை அவள் கைக்கு எட்டாமல் வைப்பது சரியான செயல்தான். நள்ளிரவில் எழுந்து பார்ப்பதுதான் வேண்டாம்.

மகனும் அந்தப் புத்தகமும்

எபேசில் மாயவித்தை செய்தவர்கள் நூல்களை எரித்தார்கள் என்று திருத்தூதர் பணிகள் 19ஆம் அதிகாரத்தைத் தோழி காட்டினாராம். அங்கே எரிந்தவை மந்திரம் செய்யும் நூல்கள். எரித்தவர்கள் அவற்றின் உரிமையாளர்களே, தாமாக மனம் மாறி எரித்தார்கள். உங்கள் வீட்டில் இருப்பது கதை. உரிமையாளர் இருபது வயது மகன். அவருக்குத் தெரியாமல் எரித்தால், விடுமுறையில் வந்து தேடும் நாளில் அவர் இழப்பது ஒரு புத்தகத்தை மட்டுமாக இருக்காது; வீட்டில் தன் பொருளுக்குப் பாதுகாப்பு உண்டு என்ற எண்ணத்தையும் இழப்பார். எரிக்க வேண்டாம்.

அவர் விசுவாசத்தை இழந்துவிட்டாரா என்பதற்கு இந்த நூல் சான்றாகாது. ஒரு நாவலைப் படிப்பவர் அதன் நாயகன் சொல்வதை எல்லாம் ஏற்றுக்கொண்டவர் அல்ல, நீங்களும்தான் படித்தீர்கள். அவர் உண்மையிலேயே கேள்விகளோடு இருக்கவும் கூடும். அப்படியிருந்தால் அந்தக் கேள்விகளோடு அவர் உங்களிடம் வர முடியுமா என்பதே முக்கியம்.

தொலைபேசியில் வேண்டாம், அவர் ஊருக்கு வந்து, சாப்பிட்டு, ஒரு நாள் கழிந்தபின் பேசுங்கள். கேட்காமல் எடுத்துப் படித்ததை முதலில் நீங்களே சொல்லிவிடுங்கள். “தம்பி, நீ விட்டுட்டுப் போன புத்தகத்தை எடுத்துப் படிச்சேன். உன்கிட்ட கேட்டிருக்கணும். அந்தப் பலிபீடக் காட்சி என்னை ரொம்பக் கஷ்டப்படுத்துச்சு. மகளுக்காக அவர் செபம் பண்ற இடம் மட்டும் மனசுல நிக்குது. உனக்கு இதுல என்ன பிடிச்சுது?” என்ற அளவில் தொடங்கலாம். பிறகு அவர் பேசி முடிக்கும்வரை இடைமறிக்காதீர்கள். அதிலேயே மறைக்கல்வி வகுப்பு நடத்திவிடாதீர்கள். “திருப்பலிக்குப் போறியா?” என்ற கேள்வியை இந்தப் பேச்சோடு சேர்க்கவே வேண்டாம். அவர் உங்கள் காயத்தைக் கேட்டு வருந்தலாம், சிரித்தும் விடலாம். சிரித்தால், அது உனக்குக் கதை, எனக்கு அப்படியில்லை என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

வகுப்பில் உங்கள் மாணவர்களுக்கு இது போன்ற நூல்களைப் பற்றி எச்சரிக்கலாமா என்றும் ஓரிடத்தில் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் தூக்கம் சீரடையும்வரை வேண்டாம். இப்போது பேசினால் உங்கள் அச்சம்தான் அவர்களுக்குப் போய்ச் சேரும்.

மேலே சொன்னவற்றை நான்கு வாரம் முயன்று பாருங்கள். அதற்குப் பிறகும் இந்தச் செபங்களும் சோதனைகளும் நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டாலோ, சமையலையோ வகுப்பையோ செய்ய முடியாமல் போனாலோ, மனநல மருத்துவரையோ மருத்துவ உளவியலாளரையோ நேரில் பாருங்கள். அச்சத்தை எதிர்கொண்டு, பதிலுக்குச் சடங்கு செய்யாமல் இருக்கப் பழக்கும் சிகிச்சை இதற்கு நன்றாகப் பலனளிக்கிறது. தேவையானால் மாத்திரைகளும் உண்டு. உங்கள் நம்பிக்கைக்கு எதிரான எதையும் செய்யச் சொல்லக் கூடாது என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுக்கொள்ளலாம். நல்ல மருத்துவர் அதை மதிப்பார், உங்கள் குருவானவரோடும் கலந்து பேசுவார். அருகில் மருத்துவர் இல்லையென்றாலும், இரவில் தாங்க முடியாமல் போனாலும், உயிர் வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப் பார்த்தாலும், அரசின் டெலி மானஸ் இலவச எண்ணான 14416ஐ அழையுங்கள். எந்த நேரமும் தமிழில் பேசலாம். கணவரிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். நீங்கள் இரவில் ஸ்டூல் போட்டு ஏறுவது அவருக்குத் தெரிய வேண்டும்.